பாட்டு வந்து சேர்ந்தது, பெயர் எங்கே?

இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு மறக்காது. பாட்டு தொடங்கும் முன் குரல் வரும்: படம் இன்னது, பாடியவர் இன்னார், இயற்றியவர் இன்னார், இசை இன்னார். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரலில் அந்தப் பெயர்களும் பாட்டின் ஒரு பகுதியாகவே மனதில் பதிந்தன. என் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வயலிலிருந்து வந்து திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்துக்கொள்வார். எந்தப் பாட்டு வந்தாலும், “இது பட்டுக்கோட்டையார் எழுதுனது, இது மருதகாசி” என்று எங்களுக்குச் சொல்லிவிடுவார்.

சென்ற மாதம் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், ஒரு பழைய பாட்டைக் கைபேசியில் போட்டு, “சித்தப்பா, எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க” என்றாள். “யாரு எழுதுனதும்மா?” என்று கேட்டேன். திரையைப் பார்த்தாள். படத்தின் பெயர் இருந்தது. இசையமைப்பாளர் பெயர் இருந்தது, பாடகர் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு, உள்ளே இன்னொரு பட்டியலைத் திறந்து, கீழே தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் இருந்ததும் இசையமைப்பாளரின் பெயர்தான்.

இசை மக்களிடம் வந்து சேரும் வழி கடந்த 25 ஆண்டுகளில் அடியோடு மாறிவிட்டது. கேட்பவருக்கு அது பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், என் அத்தைக்குக் கிடைத்த ஒன்று அண்ணன் மகளுக்குக் கிடைக்கவில்லை. அதை வெறும் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட முடியாது. டிஜிட்டல் சந்தையில் பெயர்தான் முகவரி. பெயர் பதிவாகாத இடத்துக்குப் பணம் போய்ச் சேராது.

கைக்குள் அடங்கிய சரக்கு

இசை வணிகம் நூறு ஆண்டுகளாக ஒரு பொருளை விற்கும் வணிகமாகத்தான் இருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலை கிராமபோன் நிறுவனம் பதிவுசெய்ததிலிருந்து இந்தியாவில் அந்தக் கதை தொடங்குகிறது. இசைத்தட்டை அச்சடிக்க வேண்டும், ரயிலில் ஏற்ற வேண்டும், கடையில் அடுக்க வேண்டும். ஏவி.மெய்யப்பன் படத் தயாரிப்புக்கு வரும் முன் இசைத்தட்டு வணிகத்தில்தான் இருந்தார்.

இசைத்தட்டு வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி, எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை வந்துவிட்டது. பேருந்து நிலையத்தை ஒட்டி ‘மியூசிக்கல்ஸ்’ என்று முடியும் பெயரோடு ஒரு கடை இல்லாத ஊர் இல்லை. வெற்று கேசட்டும், தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவுசெய்து கொடுப்பார்கள். ‘ஏ’ பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிடம் மிச்சம் இருந்தால், நாம் கேட்காத ஒரு பாட்டைக் கடைக்காரரே சேர்த்திருப்பார். ‘உங்களுக்கு இது பிடிக்கும்’ என்று இன்று செயலி சொல்வதை அன்று அவர் செய்தார். நம் முகம் அவருக்குத் தெரியும். அவர் முகம் நமக்குத் தெரியும்.

விளம்பரமும் அப்படித்தான் நடந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் மைக் செட் போடுபவர் எந்தப் பாட்டை முதலில் போடுகிறாரோ, மறுநாள் கடையில் அந்தக் கேசட்டைக் கேட்டு ஆள் வரும். டீக்கடை ஒலிபெருக்கி, டவுன் பஸ், வானொலியின் நேயர் விருப்பம் என்று பாட்டு தெருவழியாகவே நடந்து போனது.

அந்தக் காலம் நீதியான காலம் என்று நான் சொல்லவரவில்லை. பாடல் எழுதியவருக்குப் பெரும்பாலும் ஒருமுறைச் சம்பளம்தான். கேசட் எத்தனை விற்றது என்ற கணக்கு நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். ஆனால், கேசட் உறையின் உள்தாளில் பொடி எழுத்தில் பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் அச்சாகியிருக்கும். விற்கும் பொருளோடு பெயரும் சேர்ந்தே பயணம் செய்தது.

சரக்கு காற்றில் கரைந்தது

எம்பி3 வந்ததும் பாட்டு பொருளைவிட்டுப் பிரிந்தது. 1999-ல் தொடங்கிய நாப்ஸ்டர், ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்குப் பாட்டைக் காசில்லாமல் கொண்டுசேர்த்தது. நீதிமன்றம் தலையிட, 2001-ல் மூடப்பட்டது. நம் ஊரில் அதன் உருவம் வேறு. சென்னை பர்மா பஜாரிலும் ஊர் ஊரான நடைபாதைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் அடங்கிய ஒரே குறுந்தகடு சில பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. ‘இளையராஜா ஹிட்ஸ்’ என்று மேலே எழுதியிருக்கும். உள்ளே இருப்பது ‘டிராக் 01’, ‘டிராக் 02’ மட்டுமே. தமிழ்ப் பாட்டு தன் பெயர்களைத் தொலைக்கத் தொடங்கிய இடம் அதுதான் என்பேன். அந்தக் கோப்புகள்தான் கணினிகளுக்கும் பென் டிரைவுகளுக்கும் இணையத்துக்கும் ஏறின. பெயரில்லாமலே பரவின.

உலகம் மெல்ல வழி கண்டுபிடித்தது. 2003-ல் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்றது. 2008-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஸ்பாட்டிஃபை, பாட்டை வாங்க வேண்டாம், கேட்டால் போதும் என்றது. இந்தியாவில் அந்த இடைக்காலத்தில் கம்பெனிகளைத் தாங்கியது காலர் டியூன். அதில் பெரும்பங்கைத் தொலைபேசி நிறுவனங்களே எடுத்துக்கொண்டன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகுதான் ஸ்ட்ரீமிங் என்பது நகரத்து வசதி என்ற நிலை மாறியது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அன்று அமெரிக்காவில் அது சுமார் 10 டாலர்.

சர்வதேச இசைப்பதிவுத் துறைக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ-யின் கணக்குப்படி, 2024-ல் உலகப் பதிவிசை வருவாய் 29.6 பில்லியன் டாலர். அதில் 69% ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. திருட்டு எம்பி3-யால் செத்துவிட்டதாகக் கருதப்பட்ட தொழில் பிழைத்து எழுந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் பழையதைப் பாடிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை.

பதினைந்து விநாடிச் சந்தை

விநியோகச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போனதும் போட்டி வேறு இடத்துக்கு நகர்ந்தது. கடையில் இடம் பிடிப்பது முன்பு பெரிய காரியம். இன்று கடையில் இடத்துக்குக் குறைவில்லை. கேட்பவரின் கவனத்துக்குத்தான் தட்டுப்பாடு. உலகம் முழுவதும் ஸ்ட்ரீமிங் தளங்களில் நாள்தோறும் ஏறும் புதிய பதிவுகள் ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. அந்தக் கடலில் ஒரு பாட்டை மேலே மிதக்கவைப்பதுதான் இன்றைய மார்க்கெட்டிங்.

தமிழில் இந்த மாற்றத்தின் தொடக்கம் 2011 நவம்பரில் வந்த ‘கொலவெறி’. ‘3’ படம் திரைக்கு வரப் பல மாதங்கள் இருந்தன. ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடுவதைக் காட்டும் ஓர் எளிய வீடியோ யூடியூபில் ஏறியது. தமிழே தெரியாதவர்களும் பாடினார்கள். அதுவரை ஐந்தாறு பாட்டும் ஒரே நாளில் ‘ஆடியோ ரிலீஸ்’ என்று மேடையில் வெளிவரும். அதன் பிறகு ‘ஃபர்ஸ்ட் சிங்கிள்’, ‘செகண்ட் சிங்கிள்’ என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முதலில் லிரிக் வீடியோ, படம் வந்த பிறகு முழு வீடியோ. ‘பீஸ்ட்’ 2022 ஏப்ரலில் திரைக்கு வந்தது. அதன் ‘அரபிக் குத்து’ பிப்ரவரியிலேயே ஊரை ஆட்டிவைத்துவிட்டது. ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ 2020-ல் யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியது.

எண்ணிக்கையே விளம்பரம் ஆனபோது எண்ணிக்கையை உருவாக்கவும் வழி தேடினார்கள். விளம்பரமாகக் காசு கொடுத்து ஓட்டிய பார்வைகளும் ‘24 மணி நேரச் சாதனை’ கணக்கில் சேர்ந்தன. சர்ச்சை எழுந்த பிறகு, 2019 செப்டம்பரில் யூடியூப் அத்தகைய பார்வைகளைத் தன் இசைத் தரவரிசையிலிருந்து நீக்கியது. ஸ்பாட்டிஃபை 2020-ல் அறிவித்த ஒரு திட்டத்தில், ராயல்டியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் பாட்டை அல்காரிதம் கூடுதலாகப் பரிந்துரைக்கும். கேசட் கடைக்காரர் மிச்சமிருந்த மூன்று நிமிடத்தில் தன் ரசனையைச் சேர்த்தார். அந்த இடம் இப்போது பேரத்துக்கு வந்துவிட்டது.

இது பாட்டின் உடம்பையும் மாற்றுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடியாவது கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு ஏறும். ரீல்ஸுக்கு வேண்டியது பதினைந்து விநாடி, ஒரு ஆட்ட அசைவு, ஒரு சொற்றொடர். பல்லவிக்கு முன்னால் நெடிய முகப்பிசை, இரண்டு சரணம், இடையிசையில் கதை சொல்லும் வயலின்கள் என்று கட்டப்பட்ட நம் திரைப்பாடல் வடிவம் சுருங்கிக்கொண்டு வருவதைக் காது உள்ளவர் அனைவரும் உணர்கிறோம். முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது சரணம். ஒரு கவிஞன் தன் சிந்தனையை முடித்துவைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கதவு திறந்தது, கல்லா திறக்கவில்லை

இந்த மாற்றம் சாதித்த பெரிய நன்மை ஒன்று உண்டு. படம் இல்லாமல் பாட்டு இல்லை என்ற தமிழ்நாட்டின் நிலையை அது உடைத்தது. ஹிப்ஹாப் தமிழா இணையத்தில் பெயர் வாங்கிய பிறகே திரைக்கு வந்தார்கள். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் கானாவும் பறையும் அரசியலும் எந்த ஆடியோ கம்பெனியின் வாசலிலும் காத்திருக்காமல் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. கோயில் கொடையில் மட்டும் கேட்ட பம்பையும் உறுமியும் இன்று டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் கேட்கின்றன.

இந்த நன்மையையும் அதன் காயத்தையும் ஒரே பாட்டில் பார்க்கலாம். 2021 மார்ச்சில் வந்தது ‘எஞ்சாயி எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நிலமற்ற மக்களின் நினைவிலிருந்து, தன் பாட்டியின் கதையிலிருந்து பாடலாசிரியர் அறிவு எடுத்த சொற்கள், பாடகி தீயின் குரல், சந்தோஷ் நாராயணனின் இசை. படம் இல்லை, நாயகன் இல்லை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். சில மாதங்களில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் படம் இல்லாததை இயக்குநர் பா.இரஞ்சித் கேள்வி கேட்டார். 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோது, தன் பங்கு என்ன என்று அறிவே பொதுவெளியில் எழுத வேண்டிவந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். அந்தச் சர்ச்சையில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இவ்வளவு பேர் கேட்ட பாட்டுக்குக் கணக்கு என்ன என்பது, அதை உருவாக்கியவர்களே வீதிக்கு வந்து கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். பெயர் பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், ஊர் ஊராகப் போகும் நையாண்டி மேளக்காரரின் நிலை என்ன?

பெயர் எப்படிப் பணமாகிறது?

ஸ்ட்ரீமிங்கில் வரும் பணத்தின் பாதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நான் கட்டும் சந்தா, நான் கேட்ட பாடகருக்கு நேராகப் போவதில்லை. பெரும்பாலான தளங்களில் எல்லாருடைய சந்தாவும் விளம்பர வருமானமும் ஒரே குவியலில் சேரும். தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு, மொத்தக் கேட்பு எண்ணிக்கையின் விகிதத்தில் பிரித்துக்கொடுக்கும். மாதம் முழுக்க நான் ஒரு கிராமியப் பாடகியை மட்டுமே கேட்டாலும், என் பணத்தின் பெரும்பகுதி நான் கேட்காத பெரும் ஹிட்டுகளுக்குத்தான் போகும். போதாக்குறைக்கு, 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பதிவுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுக்கான ராயல்டியைத் தருவதில்லை.

உரிமையாளர் யார் என்பதை இயந்திரம் எப்படி அறியும்? ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் அடையாளம் உண்டு. அதோடு இணைத்து, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வெளியிட்டவர் பெயர்களைப் பாட்டை ஏற்றுபவர் நிரப்ப வேண்டும். அங்கே ஒரு பெயர் விடுபட்டாலோ, மாறிப்போனாலோ, ஒரே பெயர் நாலு விதமாக எழுதப்பட்டாலோ, பணம் வழி தெரியாமல் நிற்கும். அல்லது வேறொருவர் வீட்டுக்குப் போகும். உரிமை கோருவதும் இயந்திரம்தான். தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவர் கீர்த்தனை யாருக்கும் தனியுடைமை இல்லை. ஆனாலும் வித்வான்கள் தாங்களே பாடிய இணையக் கச்சேரிகள், ஏதோ ஒரு பழைய பதிவோடு ஒத்துப்போவதாகச் சொல்லி முடக்கப்பட்டிருக்கின்றன.

பாட்டை உருவாக்கியவர்களைச் சட்டம் கைவிடவில்லை. 1977-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, திரைப்பாடலின் உரிமையைத் தயாரிப்பாளர் பக்கம் சாய்த்தது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு, பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடி, 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்தோடு திரையரங்கில் ஒலிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமபங்கு பெற வேண்டும். அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டாலும் செல்லாது. பாடகர்களுக்கும் ராயல்டி உரிமை வந்தது. 2017-ல் இளையராஜா, எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு அனுப்பிய நோட்டீஸ் பலரையும் வருத்தியது. ஆனால், ‘ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்?’ என்று டீக்கடைவரை தமிழர்கள் முதன்முதலாகப் பேசியது அதனால்தான்.

சட்டம் தந்த பங்கைக் கையில் சேர்க்க வேண்டியது அந்தப் பெயர்ப் பட்டியல். அது சரியாக இல்லாதவரை சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

செய்ய முடிந்தவை

இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. முதலில், செயலிகள் பாடலாசிரியரின் பெயரைப் பாடகர் பெயருக்குப் பக்கத்தில், முதல் திரையிலேயே காட்ட வேண்டும். பாட்டின் உயிர் சொல்லில் இருக்கிறது என்று நம்பும் மொழிக்கு இது அடிப்படை மரியாதை. இரண்டாவது, ஆடியோ நிறுவனங்கள் தங்களிடம் இருக்கும் பழைய பதிவுகளின் விவரங்களைத் திருத்த வேண்டும். இசைத்தட்டு உறைகளும் பாட்டுப் புத்தகங்களும் சேகரிப்பாளர்களிடம் இன்னும் இருக்கின்றன. உதவ ஆர்வலர்கள் ஏராளம். எந்தத் தளத்தில் எத்தனை முறை கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்பதைக் கலைஞர் தானே உள்நுழைந்து பார்க்கும்படி கணக்கைத் திறந்துவைக்க வேண்டும்.

மூன்றாவது, அரசின் பங்கு. தமிழ்நாட்டில் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு உதவி மேசை போதும். ஒரு கரகாட்டக் குழுவின் பாடகி வந்து தன் பாட்டைப் பதிவுசெய்ய, அதற்கு அடையாள எண் வாங்க, ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் போன்ற சங்கத்தில் உறுப்பினராக அங்கே ஒருவர் கைபிடித்து உதவட்டும். இசைக் கல்லூரிகளில் ராகத்தோடு ஒப்பந்தம் படிக்கவும் சொல்லிக்கொடுக்கட்டும்.

இதற்கெல்லாம் அவகாசம் அதிகம் இல்லை. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பாட்டுகள் குவிகின்றன. பிரான்ஸின் டீசர் தளம், தனக்கு வரும் புதிய பதிவுகளில் 18% அத்தகையவை என்று 2025 ஏப்ரலில் சொன்னது. யாருடைய குரலைக் கேட்டு அந்த இயந்திரம் கற்றது என்பதற்குப் பதிவே இல்லாவிட்டால், நாளை யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஆனால், வேறு வழியும் உண்டு. 2024-ல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகை கொடுத்ததாக அறிவித்தார். கேட்டு, பெயர் சொல்லி, பங்கு கொடுத்துச் செய்யலாம் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

கடைசியாக, கேட்கிற நம் பங்கு. அன்று மாலை அண்ணன் மகள் விடவில்லை. வீட்டில் இருந்த பழைய பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, எழுதியவர் பெயரைக் கண்டுபிடித்தாள். பிறகு அந்தப் பாட்டைத் தன் தோழிகளுக்கு அனுப்பும்போது, மேலே ஒரு வரி தட்டச்சு செய்தாள்: படம், பாடியவர், இயற்றியவர், இசை. என் அத்தை கேட்ட அறிவிப்பு அதே வரிசையில் அந்தச் சின்னத் திரையில் இருந்தது. அதை எழுத அவளுக்குப் பத்து விநாடி ஆனது. கோடிக்கணக்கான பாட்டுகளுக்கு இடம் வைத்திருக்கும் தளங்களிடமும், அவற்றை விற்கும் நிறுவனங்களிடமும் நாம் கேட்பது அந்தப் பத்து விநாடியைத்தான்.